பழிவாங்கப் போனவர்கள் கையில் வாரண்ட் இருந்தது: ‘யங் கன்ஸ்’ படத்துக்கு ஒரு வழிகாட்டி

ஜான் டன்ஸ்டல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 24. ‘யங் கன்ஸ்’ படத்தில் டன்ஸ்டலாக வருபவர் டெரன்ஸ் ஸ்டாம்ப். 1988 ஆகஸ்டில் படம் வெளியானபோது ஸ்டாம்புக்கு வயது 50.

கௌபாய் படங்கள் பக்கம் அதிகம் போகாத ஒருவருக்கு இந்தப் படத்தை அறிமுகப்படுத்தச் சொன்னால், நான் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குவேன். படத்தில் டன்ஸ்டல் ஒரு பெரிய மனிதர். போக்கிடம் இல்லாத பையன்களைத் தன் பண்ணையில் சேர்த்துக்கொள்கிறார். மேசையில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடப் பழக்குகிறார். வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அப்படிப்பட்டவரை ஒரு கூட்டம் வழியில் துரத்தி வந்து சுட்டுப் போடுகிறது. பெற்ற தகப்பனைப் பறிகொடுத்ததுபோல் பையன்கள் தவிக்கிறார்கள். பார்க்கிற நமக்கும் வயிறு எரிகிறது. அவர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குதிரை ஏறும்போது, ‘போங்கடா, ஒருத்தனையும் விடாதீங்க’ என்று மனசு சொல்கிறது.

நிஜ டன்ஸ்டல் லண்டனிலிருந்து பணம் சம்பாதிக்க வந்த இளைஞர். அவரிடம் வேலைக்கு இருந்தவன்தான் படத்தின் நாயகன், பின்னாளில் பேர்போன துப்பாக்கிக்காரன் பில்லி த கிட். அவனுக்கு அப்போது ஏறக்குறைய 18 வயது. அப்பா பிள்ளை என்று சொல்ல வழியே இல்லை, அண்ணன் தம்பி வயசுதான்.

படம் பொய் சொல்கிறது என்று குற்றம் சாட்டுவதற்காக இதை எடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த படம் இது. ஆனால் ஒரு பழிவாங்கும் கதை நம்மை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த வயது மாற்றம் நல்ல வாசல். அதோடு, படத்தில் தெரியும் பழிக்கு அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. அது ஒரு மளிகைக் கடையின் கதை. அது தெரிந்து பார்த்தால்தான் இந்தப் பையன்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பது விளங்கும்.

வெஸ்டர்ன் என்கிற உலகம்

வெஸ்டர்ன் என்று சொல்லப்படும் படங்கள் பெரும்பாலும் 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து 1890 வாக்கில் வரையுள்ள காலத்தில் நடப்பவை. இடம், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்களில் டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிலம் நன்றாகத் தெரியும்: பொட்டல் காடு, மரப்பலகை வீடுகள், ஒரு மதுக்கடை, நெஞ்சில் நட்சத்திரம் குத்திய ஷெரிஃப்.

அந்த நட்சத்திரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஷெரிஃப் என்பவர் நம் ஊர் போலீஸ் அதிகாரி மாதிரி பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர் இல்லை. கவுண்டி என்கிற மாவட்டத்தின் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அவருக்குக் கீழே டெபுடிகள் என்று சில உதவியாளர்கள் இருப்பார்கள். யாரையாவது பிடிக்க வேண்டும் என்றால் ஊர்க்காரர்களைத் திரட்டிப் படை சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் திடீர்ப் படைக்கு ‘பாஸி’ என்று பெயர். காலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள் மத்தியானம் பாஸியில் சேர்ந்துவிட்டால் அவன் சுடுவது சட்டத்தின் சூடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். கதை நடக்கும் நியூ மெக்சிகோ அப்போது மாநிலமே இல்லை. 1912-இல்தான் அது மாநிலம் ஆனது. அதுவரை அது ‘டெரிட்டரி’. ஆளுநரை வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி நியமிப்பார். மொத்தப் பிரதேசத்துக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள்தான். அதில் லிங்கன் கவுண்டி, பரப்பளவில் நாட்டிலேயே மிகப் பெரிய கவுண்டிகளில் ஒன்று. அதன் தலைமையிடமான லிங்கன் ஊருக்கு இருந்ததோ ஒரே ஒரு தெரு. பெரும்பாலும் மண் கல்லால் கட்டிய வீடுகள், பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள்.

அந்தத் தெருவில் எடுப்பாக நின்றது ஒரு இரண்டு மாடிக் கட்டிடம். அது நீதிமன்றமோ தேவாலயமோ இல்லை, கடை.

‘தி ஹவுஸ்’

லாரன்ஸ் மர்ஃபி அயர்லாந்தில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் தொடங்கிய கடையை ஊர்க்காரர்கள் ‘தி ஹவுஸ்’ என்றுதான் சொல்வார்கள். நம்மூரில் ‘பெரிய வீடு’ என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியுமே, அந்த மாதிரி. பின்னால் அதை நடத்தியவர் ஜேம்ஸ் டோலன், அவரும் அயர்லாந்துக்காரர்.

வியாபாரம் எப்படி நடந்தது? சுற்று வட்டாரத்துக் குடியானவர்களுக்கு விதை, மாவு, துணி, கருவி எல்லாம் அந்தக் கடையில்தான். கையில் காசு இருக்காது, கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அறுவடை ஆனதும் தானியத்தை அதே கடைக்குத்தான் போட வேண்டும், கடை சொல்கிற விலைக்கு. வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது ஒரு விலை. கடன் தீரவே தீராது. கந்துவட்டிக்காரரிடம் மாட்டிய ஒரு குடும்பத்தையாவது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உண்மையான பணம் வேறு இடத்திலிருந்து வந்தது. பக்கத்தில் ஸ்டாண்டன் கோட்டையில் ராணுவம். இன்னொரு பக்கம் மெஸ்கலேரோ அப்பாச்சி என்ற பூர்வகுடி மக்களை அரசு குடியமர்த்திய ஒதுக்கீட்டு நிலம். இரண்டு இடத்துக்கும் மாட்டிறைச்சியும் மாவும் சப்ளை செய்ய அரசாங்க காண்ட்ராக்ட். அந்த காண்ட்ராக்ட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கவுண்டிக்கு ராஜா. ஷெரிஃப் வில்லியம் பிராடி மர்ஃபிக்கு நெருக்கமானவர். தலைநகர் சான்டா ஃபேயில் இருந்த வக்கீல்கள், நீதிபதிகள், அரசியல்வாதிகள் சேர்ந்த ஒரு வட்டத்தின் ஆதரவும் கடைக்கு இருந்தது.

இந்த இடத்தில்தான் டன்ஸ்டல் வந்து சேர்ந்தார். ஃபெலிஸ் ஆற்றங்கரையில் மாட்டுப் பண்ணை வைத்தார். அலெக்ஸாண்டர் மெக்ஸ்வீன் என்ற வக்கீலோடு சேர்ந்து லிங்கன் தெருவிலேயே, ‘தி ஹவுஸ்’ கண்ணில் படுகிற தூரத்தில், இன்னொரு கடை திறந்தார். பெரும் மாட்டுப் பண்ணைக்காரர் ஜான் சிஸம் அவர்களுக்குத் துணை.

படத்தில் வரும் டன்ஸ்டலுக்குப் பணத்தாசையே கிடையாது. நிஜ டன்ஸ்டல் ஊரில் இருந்த தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில், லிங்கன் கவுண்டியில் யார் ஒரு டாலர் சம்பாதித்தாலும் அதில் பாதி தனக்கு வந்து சேர வேண்டும், அப்படித் தொழிலை அமைக்கப் போகிறேன் என்று எழுதுகிறார். ஊரை விடுவிக்க வந்தவர் எழுதுகிற வரி இல்லை இது. மர்ஃபி உட்கார்ந்திருந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்று நினைத்தவர் எழுதுகிற வரி. அதற்காக அவரைக் கொன்றது நியாயம் ஆகிவிடாது. இரண்டு கடைகளுக்கு நடுவில் நடந்த சண்டையில் கூலிக்கு இருந்த பையன்கள் போய் மாட்டிக்கொண்டார்கள் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

ஒரு ஜப்தி

மர்ஃபியின் பழைய கூட்டாளி ஒருவர் ஜெர்மனியில் இறந்துபோனார். அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அதை வசூலித்துத் தரும் வேலை மெக்ஸ்வீனிடம் வந்தது. அவர் வசூலித்தார், பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தார். டோலன் தரப்பு இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மெக்ஸ்வீனின் சொத்தை ஜப்தி செய்ய நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். டன்ஸ்டலும் அவரும் கூட்டாளிகள், ஆகவே டன்ஸ்டலின் கடைச் சரக்கையும் மாடுகளையும் சேர்த்தே ஜப்தி செய்யலாம் என்று ஷெரிஃப் பிராடி முடிவு செய்தார்.

1878 பிப்ரவரி 18. டன்ஸ்டல் பண்ணையிலிருந்து ஒன்பது குதிரைகளை ஓட்டிக்கொண்டு லிங்கனுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட மேஸ்திரி டிக் ப்ரூவர், பில்லி, இன்னும் இரண்டு பேர். பொழுது சாயும் நேரம். பாதையோரம் காட்டு வான்கோழிக் கூட்டம் ஒன்று எழும்பியது. சுட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று ப்ரூவரும் இன்னொருவரும் அதன் பின்னால் போனார்கள். பில்லி பின்னால் தங்கி வந்துகொண்டிருந்தான். அந்த இடைவெளியில்தான் ஜப்திக்குக் கிளம்பிய பாஸியிலிருந்து பிரிந்த ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் மேட்டுப் பக்கம் தப்பி ஓடினார்கள். டன்ஸ்டல் தனியாக அகப்பட்டார். நெஞ்சிலும் தலையிலும் சுட்டார்கள். அவருடைய குதிரையையும் கொன்றார்கள்.

கொன்றவர்கள் பாஸி. அதாவது சட்டம். மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து நடந்ததுதான், என்னைப் பொறுத்தவரை, இந்த முழுக் கதையிலும் முக்கியமான பகுதி. பில்லியும் ப்ரூவரும் உடனே பழிவாங்கக் கிளம்பவில்லை. லிங்கனில் இருந்த ஜான் வில்சன் என்ற உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். யார் யார் சுட்டார்கள் என்று பெயர் சொன்னார்கள். வில்சன் வாரண்ட் எழுதிக் கொடுத்தார். ஊர்க் காவலர் ஒருவரோடு பில்லியும் ஃப்ரெட் வெய்ட் என்ற நண்பனும் அந்த வாரண்டை எடுத்துக்கொண்டு நேராக ‘தி ஹவுஸ்’ கடைக்குப் போனார்கள், குற்றவாளிகளைக் கைது செய்ய. உள்ளே ஷெரிஃப் பிராடி இருந்தார். கைது செய்ய வந்தவர்களை அவர் கைது செய்தார். பில்லியின் வின்செஸ்டர் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு அவனை உள்ளே தள்ளினார். டன்ஸ்டலின் அடக்கத்துக்குக்கூட அவனால் போக முடியவில்லை.

பதினெட்டு வயசுப் பையன். கையில் சட்டப்படி எழுதிய தாள். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சிறையில் உட்கார்ந்திருக்கிறான்.

ரெகுலேட்டர்கள்

மாஜிஸ்திரேட் வில்சன் விட்டுவிடவில்லை. டிக் ப்ரூவரைத் தனிக் காவலராக நியமித்தார். ப்ரூவர் தன்னைச் சுற்றிப் பண்ணைக்காரர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் சேர்த்தார். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ரெகுலேட்டர்கள்’, அதாவது ஒழுங்குபடுத்துகிறவர்கள். அமெரிக்காவில் இந்தப் பெயருக்குப் பழைய வரலாறு உண்டு. 1760-களிலேயே கரோலினா பகுதிகளில், அதிகாரிகள் மேல் நம்பிக்கை இழந்த குடியானவர்கள் இதே பெயரில் திரண்டிருக்கிறார்கள்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு சட்டப் படைகள். ஷெரிஃபின் பாஸி ஒன்று, மாஜிஸ்திரேட்டின் ரெகுலேட்டர்கள் ஒன்று. இரண்டு பேர் கையிலும் வாரண்ட்.

மார்ச் தொடக்கத்தில் ரெகுலேட்டர்கள் விரட்டிப் போய் வில்லியம் மார்ட்டன், ஃபிராங்க் பேக்கர் என்ற இரண்டு பேரைப் பிடித்தார்கள். பாஸியிலிருந்து பிரிந்துபோன கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டன். உயிரோடு கொண்டுபோய் ஒப்படைக்கிறோம் என்று ப்ரூவர் வாக்குக் கொடுத்திருந்தார். மார்ச் 9-ஆம் தேதி, லிங்கனுக்குப் போகும் வழியில் இரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூட வந்த ரெகுலேட்டர்களில் மெக்லாஸ்கி என்ற ஒருவரும் அதில் செத்தார். கைதிகள் தப்பிக்கப் பார்த்தார்கள் என்றார்கள் ரெகுலேட்டர்கள்.

அதே மார்ச் 9-ஆம் தேதி ஆளுநர் சாமுவேல் ஆக்ஸ்டெல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வில்சன் மாஜிஸ்திரேட்டாக இருப்பதே செல்லாது. அவர் கொடுத்த அதிகாரமும் செல்லாது.

காலையில் அரசாங்கக் காவலர்களாகக் குதிரையேறியவர்கள், லிங்கனுக்குத் திரும்பி வந்து கேட்டபோது கொலைகாரர்கள். இங்கிலீஷில் ‘அவுட்லா’ என்ற சொல்லுக்கு, சட்டத்துக்கு வெளியே நிற்பவன் என்று பொருள். இந்தப் பையன்கள் தாங்களாக ஒரு கோட்டைத் தாண்டி வெளியே போனதும் உண்டு, மார்ட்டனையும் பேக்கரையும் கொன்றது அப்படித்தான். ஆனால் அவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளியதும் நடந்தது. இரண்டும் ஒரே நாளில்.

படத்தில் இந்த இழுபறி முழுவதும் டிக் ப்ரூவருக்கும் பில்லிக்கும் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. கைது பண்ணத்தான் வந்திருக்கிறோம் என்று ஒருவர், சுடத்தான் வந்திருக்கிறேன் என்று ஒருவன். ப்ரூவராக சார்லி ஷீன், பில்லியாக எமிலியோ எஸ்டவெஸ். இருவரும் நிஜ வாழ்க்கையில் நடிகர் மார்ட்டின் ஷீனின் பிள்ளைகள், உடன்பிறந்த அண்ணன் தம்பிகள். முகச்சாயல் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற அந்த இரண்டு பேர் வாதாடும்போது ஒரே வீட்டுக்குள் நடக்கிற சண்டை மாதிரி இருக்கிறது. எஸ்டவெஸின் சிரிப்பை இங்கே சொல்லாமல் விட முடியாது. கொல்வதற்கு முன்னாலும் சிரிக்கிறான், பின்னாலும் சிரிக்கிறான். துக்கம் எங்கே முடிந்து சந்தோஷம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போகிற இடம் அதுதான். படத்தின் மிகச் சிறந்த விஷயமும் அதுதான்.

ஏப்ரல் 1-ஆம் தேதி காலை ஷெரிஃப் பிராடி தன் டெபுடிகளோடு லிங்கன் தெருவில் நடந்துபோனார். டன்ஸ்டல் கடைக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் பில்லியும் சில ரெகுலேட்டர்களும் ஒளிந்திருந்தார்கள். பிராடியும் ஹிண்ட்மன் என்ற டெபுடியும் அங்கேயே விழுந்தார்கள். பில்லி வெளியே ஓடிவந்து பிராடியின் உடலிடம் குனிந்தான். பறிகொடுத்த வின்செஸ்டரை எடுக்கத்தான் ஓடினான் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குள் இன்னொரு டெபுடி சுட்டதில் அவன் தொடையில் காயம்.

டன்ஸ்டல் செத்து அன்றைக்குச் சரியாக ஆறு வாரம். பிராடி மர்ஃபியின் ஆள்தான். ஆனாலும் மக்கள் ஓட்டில் வந்த ஷெரிஃப், பிள்ளைக்குட்டிக்காரர், மறைந்திருந்து சுடப்பட்டார். ரெகுலேட்டர்கள் பக்கம் இருந்த அனுதாபம் அன்றைக்குப் பெருமளவு கரைந்துபோனது.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 4, பிளேஸர்ஸ் மில் என்ற இடம். பக்‌ஷாட் ராபர்ட்ஸ் என்ற, டன்ஸ்டல் கொலைக்காகத் தேடப்பட்ட ஒற்றை ஆளை ரெகுலேட்டர்கள் பிடிக்கப் பார்த்தார்கள். வயிற்றில் குண்டு பட்ட பிறகும் ராபர்ட்ஸ் ஓர் அறை வாசலில் மெத்தையைத் தடுப்பாகப் போட்டுக்கொண்டு சண்டை போட்டார். தூரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த டிக் ப்ரூவரை ஒரே தோட்டாவில் வீழ்த்தினார். அடுத்த நாள் ராபர்ட்ஸும் இறந்தார். இரண்டு பேரையும் அங்கேயே பக்கத்துப் பக்கத்தில் புதைத்தார்கள். கைது செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் அதோடு அடங்கியது.

ஐந்து நாள் முற்றுகை, படத்தின் முடிவு

ஜூலை 15 முதல் 19 வரை லிங்கனில் நடந்த சண்டையைத்தான் படம் உச்சக்கட்டமாக வைத்திருக்கிறது. மெக்ஸ்வீன் வீட்டுக்குள் ரெகுலேட்டர்கள், வெளியே டோலனின் ஆட்கள். ஸ்டாண்டன் கோட்டையிலிருந்து கர்னல் டட்லி படையோடு வந்தார், கூடவே கைப்பிடியைச் சுழற்றித் தொடர்ந்து சுடும் ஒரு கேட்லிங் துப்பாக்கியும் ஒரு சிறு பீரங்கியும். ராணுவம் சுடவில்லை. ஆனால் அது வந்து நின்ற நிலையே போதுமாக இருந்தது. மெக்ஸ்வீன் தரப்பில் பலர் ஊரைவிட்டு விலகிவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மண் சுவர் வீடு ஆதலால் தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மெதுவாக நகர்ந்தது. உள்ளே இருந்தவர்களும் அறை அறையாக ஒதுங்கிக்கொண்டே போனார்கள். இருட்டியதும் பில்லியும் சிலரும் ஓடித் தப்பினார்கள். மெக்ஸ்வீன் தன் வீட்டுக் கொல்லையில் கொல்லப்பட்டார்.

படத்தில் பில்லி ஒரு மரப்பெட்டிக்குள் ஒளிந்து மாடியிலிருந்து விழுந்து, பெட்டியைத் திறந்துகொண்டு இரண்டு கையாலும் சுட்டபடி எழுகிறான். நிஜ வீட்டுக்கு மாடியே கிடையாது. சரி, அது சினிமா. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கடைசியில் ஒன்று நடக்கிறதே, அதைத்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். பில்லி தூரத்திலிருந்து குறிபார்த்து மர்ஃபியின் நெற்றியில் சுடுகிறான். கணக்கு தீர்ந்தது.

மர்ஃபியாக வருபவர் ஜாக் பேலன்ஸ், 1953-இல் வந்த ‘ஷேன்’ படத்தின் வில்லன். வெஸ்டர்ன் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயந்த முகம். அந்த முகத்தில் தோட்டா பாயும்போது அரங்கமே நிம்மதியாக மூச்சு விடும். நிஜ மர்ஃபி அந்த ஜூலையில் லிங்கனில் இல்லை. கடையை 1877-லேயே டோலன் கையில் விட்டுவிட்டு நோயில் விழுந்திருந்தார். 1878 அக்டோபரில் சான்டா ஃபேயில் நோயிலேயே இறந்தார். யாரும் அவரைச் சுடவில்லை.

பழிவாங்கும் வெஸ்டர்னுக்கு ஒரு தேவை இருக்கிறது: அநியாயத்துக்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகம் துப்பாக்கி எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கடன் கணக்கு, காண்ட்ராக்ட், சான்டா ஃபேயில் உட்கார்ந்திருக்கும் வக்கீல், ஆளுநரின் கையெழுத்து, இதையெல்லாம் சுட முடியாது. அதனால் திரைக்கதை எழுதுபவர் எல்லாவற்றையும் ஒரே மனிதருக்குள் அடைக்கிறார். இழப்புக்கும் அதேபோல் ஒரு முகம் தேவை, டன்ஸ்டலுக்கு 50 வயது ஆனது அதனால்தான். தொழில் போட்டியில் செத்த சமவயசு முதலாளிக்காக அல்ல, வளர்த்த தகப்பனுக்காகத்தான் நாம் கண்ணீர் விடுவோம் என்று கதாசிரியர் ஜான் ஃபுஸ்கோவும் இயக்குநர் கிறிஸ்டோபர் கேனும் கணித்திருக்கிறார்கள். கணிப்பு பலித்தது.

ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தில் மற்றவர்களைவிட உண்மைக்கு நெருக்கமாகப் போனார்கள். அதற்கு முன் பில்லியாக நடித்தவர்களில் பலர் முப்பதைத் தாண்டியவர்கள். 1958-இல் பால் நியூமன், 1973-இல் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன், இருவருமே அப்படி. 1970-இல் இதே போரை ஜான் வெய்ன் ‘சிஸம்’ என்ற படமாகத் தந்தார். அதில் கதை மாட்டுப் பண்ணைப் பெரியவர் பக்கம் போய்விட்டது. ‘யங் கன்ஸ்’தான் இது சின்னப் பையன்களின் சண்டை என்பதைத் தலைப்பிலேயே வைத்தது. வெஸ்டர்ன் படங்களுக்குக் காசு போட ஹாலிவுட் பயந்துகொண்டிருந்த காலம் அது. 1980-இல் ‘ஹெவன்ஸ் கேட்’ என்ற வெஸ்டர்ன் தோற்று ஒரு ஸ்டூடியோவையே ஆட்டம் காண வைத்திருந்தது. அந்த நேரத்தில் இளம் நட்சத்திரங்களைக் குதிரையில் ஏற்றிய இந்தப் படம் ஓடியது. 1990-இல் இரண்டாம் பாகமும் வந்தது.

இடது கை

பில்லியின் நம்பகமான உருவம் என்று நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்குகிற தகரத் தகடு ஒன்றில் எடுத்த படம். 1880 வாக்கில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர் என்ற ஊரில் எடுத்தது. தொப்பி நசுங்கியிருக்கிறது. கம்பளிச் சட்டை அளவில்லாமல் தொங்குகிறது. வாய் லேசாகத் திறந்து முன்பல் தெரிகிறது. ஒரு கையால் வின்செஸ்டரின் குழலைப் பிடித்து அதைத் தரையில் ஊன்றியிருக்கிறான். இடுப்பில் கைத்துப்பாக்கி, இடது பக்கம்.

அதை வைத்து, பில்லி இடது கைக்காரன் என்று உலகம் நம்பியது. பால் நியூமன் படத்தின் தலைப்பிலேயே இடது கை உண்டு. ஆனால் தகரத் தகட்டில் எடுக்கும் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி விழும். அதே படத்தில் இருக்கும் வின்செஸ்டரைப் பாருங்கள்: தோட்டா போடும் வாசல் அந்த மாடலில் வலது பக்கம் இருக்க வேண்டும், படத்திலோ இடது பக்கம் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் போட்டால் பில்லி வலது கைக்காரன். 2011-இல் அந்தத் தகடு 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அதேபோல் ஊதிப் பெரிதாக்கியது அவன் கணக்கில் எழுதிய கொலைகள். வயசுக்கு ஒன்றாக 21 பேர் என்பது கட்டுக்கதை. அவன் தனியாகக் கொன்றவர்கள் நான்கு பேர், மற்றவர்களோடு சேர்ந்து சுட்ட சண்டைகளில் இன்னும் சிலர் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

படம் விட்ட இடத்துக்கு அப்புறம்

டன்ஸ்டல் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் விவகாரம் வாஷிங்டன் வரை போனது. ஃபிராங்க் ஆஞ்செல் என்ற வக்கீலை விசாரிக்க அனுப்பினார்கள். ஆளுநர் ஆக்ஸ்டெல் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் லூ வாலஸ். அந்தப் பதவியில் இருந்துகொண்டேதான் அவர் ‘பென்ஹர்’ நாவலை எழுதி முடித்தார்.

மெக்ஸ்வீனின் மனைவி சூசன், கணவரைக் கொன்றவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்க ஹூஸ்டன் சாப்மன் என்ற வக்கீலை அமர்த்தினார். 1879 பிப்ரவரி 18, டன்ஸ்டல் இறந்து சரியாக ஒரு வருஷம், லிங்கன் தெருவில் டோலனின் கூட்டம் சாப்மனைச் சுட்டுக் கொன்றது. பில்லி பக்கத்திலிருந்து பார்த்தான். சாட்சி சொன்னால் மன்னிப்பு உண்டு என்றார் வாலஸ். இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். பில்லி சாட்சி சொன்னான். மன்னிப்பு வரவில்லை. இரண்டாவது தடவையும் அவன் சட்டத்தின் வாசலுக்குப் போய்த் திரும்பியிருந்தான்.

1880 டிசம்பரில் புதிய ஷெரிஃபாகத் தேர்வாகியிருந்த பாட் காரெட் அவனைப் பிடித்தார். அந்தத் துரத்தலில் செத்தவர்களில் சார்லி பௌட்ரும் ஒருவன், படத்தில் முற்றுகையிலேயே சாகிறானே அவன்தான். 1881 ஏப்ரலில், பிராடியைக் கொன்ற குற்றத்துக்காகப் பில்லிக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அந்தப் போரில் இரண்டு தரப்பிலும் எத்தனையோ பேர் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார்கள். தண்டனை பெற்றது அவன் ஒருவன்தான்.

தூக்கில் போடும் வரை அவனை வைத்திருக்க லிங்கனில் சரியான சிறை இல்லை. கவுண்டி நிர்வாகம் அப்போது நீதிமன்றமாக மாற்றியிருந்த கட்டிடத்தின் மாடி அறையில் விலங்கு போட்டு வைத்தார்கள். அது ‘தி ஹவுஸ்’. எந்தக் கடைக்கு வாரண்டோடு போய்க் கைதானானோ அதே கடை. ஏப்ரல் 28-ஆம் தேதி இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டு அங்கிருந்து தப்பினான். ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில், விளக்கில்லாத ஒரு படுக்கையறைக்குள் காலடி வைத்து, இருட்டில் யாரோ இருப்பது தெரிந்து, ‘யார் அது?’ என்று ஸ்பானிய மொழியில் கேட்டான். காரெட் சுட்டார். பில்லிக்கு அப்போது 21 வயது இருக்கலாம்.

‘தி ஹவுஸ்’ கட்டிடமும் டன்ஸ்டல் கடையும் இன்றைக்கும் லிங்கனில் அதே தெருவில் நிற்கின்றன. டன்ஸ்டலின் கொலைக்காக ஜேம்ஸ் டோலனை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. டன்ஸ்டல் வாழ்ந்த காலத்தில் அவரோடு போட்டி போட்டுக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த டோலன், பிற்பாடு தலைதூக்கினார். ஃபெலிஸ் ஆற்றங்கரைப் பண்ணை நிலமும் லிங்கன் தெருவில் இருந்த டன்ஸ்டலின் கடையும் கடைசியில் அவர் கைக்கே வந்து சேர்ந்தன.